ஓரத்தில் ஒரு புள்ளி

ஒச்சம்மாளின் சிவலை
கார்த்திகை இரண்டாம் வாரம் அசைபோடுவதை நிறுத்தியது.
இமையை விலக்கிப் பார்த்தேன்.
மஞ்சள் கரைத்த தண்ணீர்போலக் கண்.
மூத்திரத்தில் இரத்தம் இல்லை. சாணி கல்லாய் இருந்தது.
காதுமடிப்பில் கொத்துக் கொத்தாய் உண்ணி.

"உண்ணி பிடுங்க நேரமில்லை,
சீரியல் பார்க்க நேரமிருக்கோ?" என்றேன்.
பெரிய கால்நடை ஆய்வாளர் நான்.
அவள் பதில் சொல்லவில்லை.
வேப்பெண்ணெய்த் துணியோடு
மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.
மூன்றாம் நாள் விடியலில்
கருமாத்தூரிலிருந்து ஜேசிபி வந்து குழி தோண்டியது.

காதுநுனியில் எடுத்த ஒரு சொட்டு
என்னிடம் கண்ணாடித் துண்டில் இருந்தது.
சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு, லென்சைத் திருகினால்
வெளிறிய சிவப்பு வட்டங்கள்.
அவற்றின் விளிம்பில்
இப்போது விழுந்துவிடும்போல்
ஒரு கரும்புள்ளி.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மிஞ்சும் என்று
இரண்டாம் வகுப்பில் படித்தது
அப்போது ஏன் நினைவுக்கு வந்ததோ.

பார்வைக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுதான்.
உள்ளே அப்படியில்லை.
ஆய்வகத்திலிருந்து வந்த தாள்களில்
நாலே எழுத்து, மூச்சுவிடாத வாக்கியம்,
அதில் ஓர் இடத்தில் மட்டும்
ஒரே சொல் திக்கித் திக்கித் திரும்ப வருகிறது.
பாப்பாபட்டி மாட்டில் மூன்று தடவை,
செக்கானூரணியில் ஐந்து,
கிடைபோட வந்த புலிக்குளத்துக் காளையில்
மூன்றும் ஐந்தும் ஒரே இரத்தத்தில், சண்டையில்லாமல்.
ஆறு ஊர், இருபத்தேழு மாடு, பதினொரு சாதி.
சாதி என்பதை அடித்து வகை என்று திருத்தினேன்.
கலெக்டர் ஆபீசுக்குப் போகிற தாள்.

வாடிப்பட்டிச் சந்தையில் வாங்கிவந்த
தவமணியின் கலப்பினப் பசுவில் மட்டும்
எட்டுத் தடவை.
கொழுத்த மாடு. ஒருநாளும் நோய் என்று படுத்ததில்லை.
தான் எதைச் சுமக்கிறோம் என்று அதற்கே தெரியாது.

அந்த எட்டு வேறு எந்த ஊரிலும் இல்லை.
ஒச்சம்மாள் தெருவில் மூன்று மாட்டில் இருந்தது.
ஐஸ் பெட்டியில் கிடந்த
சிவலையின் குழாயிலும் இருந்தது.

தவமணி வீடு ஊருக்கு வடகோடி.
ஒச்சம்மாள் தெரு கண்மாய்க்குத் தெற்கே.
ஒரே மேய்ச்சல் இல்லை, ஒரே தொட்டி இல்லை.
ஐப்பசி கோமாரி முகாமின் பதிவேட்டைப் பிரித்தேன்.
என் கையெழுத்துத்தான்:
பதினான்கு, தவமணி, கலப்பினம்.
பதினைந்து. பதினாறு. பதினேழு.
பதினெட்டு, ஒச்சம்மாள், சிவலை.
அதற்குமேல் இல்லை. மழை வந்து கலைந்துவிட்டோம்.

உண்ணி வரிசையில் போகாது.

அன்றைக்கு ஊசி தட்டுப்பாடு.
ஒன்றையே பஞ்சில் துடைத்துத் துடைத்துப் போட்டேன்.
எல்லாப் புள்ளியும் ஒரே வகையாய் இருந்திருந்தால்
பழியை உண்ணிமேல் போட்டுவிட்டு
புரோட்டா சாப்பிடப் போயிருப்பேன்.
அறிக்கையில் 'பரப்பியது' என்ற கட்டம்
ஒரு வாரமாய்க் காலியாக இருக்கிறது.

மாசி முகாம்.
மாட்டுக்கு மாடு ஊசி மாற்றுகிறேன்.
தகர டப்பாவில் ஒவ்வொன்றாய் விழும் சத்தம்.
கடன் வாங்கிப் பிடித்த புதுக் கிடேரியின்
மூக்கணாங்கயிற்றை இறுக்கிக்கொண்டு
ஒச்சம்மாள் அந்த டப்பாவையே பார்க்கிறாள்.
"போன தடவையும் இப்படித்தான் மாத்துனீங்களா, சார்?"