ஜ்வாரி – மெஸ்தியா, வானொலியுடன்

ஜ்வாரியில் ஏறும்போது தெளிவாகத்தான் கேட்டது.
அணையைத் தாண்டி மூன்றாவது வளைவில்
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி
அந்தக் கட்டெறும்பும் இரைச்சலுக்குள் புகுந்துகொண்டது.

முர்சகான் மினிபஸ்ஸை நிறுத்தினான்.
பின்னால் மரம் ஏற்றி வந்த லாரி அலறியது.
ரிவர்ஸ் போட்டு,
ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளம்கூட இருக்காது,
பின்வாங்கினான்.
வர்ணனையாளருக்கு மறுபடி உயிர் வந்தது:
“...இருபத்திரண்டு மீட்டர் கோட்டருகே ஸ்க்ரம்...”
பதினொரு பேர் மூச்சு விட்டார்கள்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
“குத்தைசியில் படித்தவள்தானே, சொல்.
மலைக்கு என்மேல் என்ன கோபம்?”

முர்சகான்,
மலை எதையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை,
வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
கோபுரத்திலிருந்து நேரே வருகிறது ஒரு சொல்.
பாறையில் முட்டி, கொஞ்சம் பிந்தி
அதே சொல் இன்னொரு தடவை வருகிறது.
ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்தால்
வந்தது இரண்டு, கேட்பது பூஜ்யம்.
அப்படி ஒரு குழி
ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, இந்தச் சாலை நெடுக.
உன் டயருக்கு அது தெரியாது.
நீ ஓட்ட ஓட்ட
பேச்சு கொத்துக்கறியாகிறது.

செவ்வாய்க்கிழமை ஏணி கொண்டுவந்தேன்.
கூரையில் இருந்தது
அவன் மைத்துனன் துணிக்கொடிக் கம்பியை வளைத்துச் செய்தது.
அடியெல்லாம் துரு.
தகரம் பளிச்சிடும்வரை சுரண்டி, எர்த் கொடுத்து
புதிய ஆன்டெனா ஒன்றைப் பொருத்தினேன்.
இரண்டாவதைப் பின்கண்ணாடிக்கு மேலே,
இரண்டே கால் மீட்டர் தள்ளி.
“ஒன்றரையில் வைத்தால் என்ன, கேபிள் மிச்சம்” என்றான்.
ஒன்றரையில் வைத்தால்
இருவரும் ஒரே நேரத்தில் குழியில் கிடப்பார்கள், முர்சகான்.

நடுவே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.
யாருக்கு இப்போது காது கேட்கிறது என்று பார்த்து
அவர் பக்கம் சாய்வது அதன் வேலை.
ஒரு நொடிக்குள் பலமுறை
கொஞ்சமும் வெட்கமில்லாமல் கட்சி தாவும்.
“எங்கள் கிராம சபையில் இப்படி ஒருவர் இருக்கிறார்” என்றாள்
பாலாடைக்கட்டி வாளியோடு ஏறிய த்சியூரி.

சனிக்கிழமை, அடுத்த ஆட்டம்.
முன்பு அறுபத்தொரு துண்டிப்பு.
இப்போது, மூன்றே மூன்று.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை,
எல்லோரும் ஆட்டத்தில் இருந்தார்கள்.
என் தொழிலில் கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான்.

பிறகு நான்காவது.
பாறை சாலைக்கு மேல் நெற்றிபோல் நீண்டிருக்கும் இடம்.
இரண்டு ஆன்டெனாவும் செவிடாகும்,
பெட்டி தாவக் கட்சியே இல்லை.
எழுபத்தொன்பதாவது நிமிடம்,
கோட்டின்மேல் பத்துப் பேர் குவியல், அடியில் எங்கோ பந்து,
நடுவர் கையை

முர்சகான் பிரேக்கைத் தொடவில்லை.
ஒரு பக்கம் பள்ளம், மேலே மழை.
உஸ்ஸ்ஸ் என்று வெறும் காற்று.

“ட்ரை” என்றாள் த்சியூரி,
யாரிடமும் இல்லை, வாளியிடம்.

அவ்வளவுதான்,
பதினொரு பேரும் எழுந்து
கூரையில் தலை இடித்துக்கொண்டு
ஒரு தச்சன் என் தோளைப் பிடித்து உலுக்க
யாருடைய தொப்பியோ என் நோட்டின்மேல் விழ
முர்சகான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பாறை விலகியது.
ஓர் எழுத்தும் சிதறாமல்
ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்பதுபோல்
தோற்றுவிட்டோம் என்று கேட்டது.

ஹாரன் நின்றது.
உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவராக.
வைப்பர் மட்டும் போய் வந்தது.

“அந்த இடத்தை
என்ன செய்யப்போகிறாய்?” என்றான், கொஞ்ச தூரம் போனபின்.

தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு
நோட்டில் எழுதினேன்:
துண்டிப்பு எண் நான்கு, நீளம் நாற்பது மீட்டர்,
சரிசெய்யத் தேவையில்லை.