முப்பது மீற்றருக்கு ஒரு சதுரம்

திரையில் இந்தக் காணி ஒன்பது சதுரம்.
இரண்டு ஏக்கர், உழுந்தும் கச்சானும்,
கிழக்கு மூலையில் ஒரு பாலை.
சதுரத்துக்கு ஓர் உயரம்தான்:
நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தெட்டு.
வானத்துக்குத் தெரிந்தது அவ்வளவு.
பாலையின் உச்சியையும் அது
நிலமென்றே எண்ணிவிட்டது.

ஒட்டுசுட்டானிலிருந்து மடிக்கணினியை
அரிசிப் பைக்குள் சுற்றிக்கொண்டு
மோட்டார் சைக்கிளில் வந்தேன்.
கமநல சேவைக்கு வரைபடம் கீறுகிறவள் நான்.
சரிவு நூற்றுக்கு மூன்று.
மலைநாட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.
இங்கே அந்த மூன்றிலேயே போகிறது மண்,
கார்த்திகையில் ஒரே பின்னேரத்தில்;
குளத்துக்குள் இறங்கிப்
பால்தேத்தண்ணி நிறத்தில் படுத்துக்கொள்கிறது.

"உந்த நீலக் கோடு என்ன பிள்ளை?"
"தண்ணி ஓடுற வழி, அக்கா."
"என்ர தண்ணி உதால வாறேல்லை."
இராசமலர் அக்கா அவ்வளவோடு நடக்கத் தொடங்கினார்.
நான் கோட்டை மூடிவிட்டுப் பின்னால் போனேன்.

இடுப்பளவு பள்ளம் ஒன்று
உழுந்தை இரண்டாகப் பிளந்து கிடந்தது.
கரையில் கச்சான் வேர்கள்
பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றில் தொங்கின.
பள்ளத்தைப் பிடித்து மேலே ஏற ஏற
ஈச்சம் பற்றைக்குள் அது நின்றது:
மண் அணை.
நேராக, சரிவோடு சரிவாக.

என் உயரங்கள் இரண்டாயிரமாம் ஆண்டு மாசியில்
விண்கலம் ஒன்று பதினொரு நாள் சுற்றி எடுத்தவை.
அணை பிறகு வந்தது.
துவக்குக்கு நேர்கோடு வேண்டியிருந்தது.
தண்ணீர் அந்த நேரைப் பழகிக்கொண்டு
இன்றைக்கும் அதில்தான் ஓடி வருகிறது.

எழுதினேன்: நீளம் இருநூற்றுப் பத்து மீற்றர்,
உயரம் ஒன்று தசம் ஆறு.
'கட்டியவர்' என்று படிவத்தில் ஒரு கட்டம்.
சிறுகோடு ஒன்று போட்டேன்.

"வெடி எடுத்தாச்செண்டு கடதாசி கிடக்கு.
ஆனா அணைக்குள்ள இன்னும் ஒருதரும்
மண்வெட்டி வைக்கேல்லை."

நிழலில் குந்தியிருந்து
றோட்டின் கோட்டை நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தோம்.
காப்பெற் போட்டபோது நாலு மதகை
ஒன்றாக்கியிருக்கிறார்கள்.
நாலு வழியாய்ப் பிரிந்து வடிந்தது
இப்போது ஒரே வாயால் கொட்டி
நேரே அணையின் தலைக்கு வருகிறது.
அக்கா திரையை விரலால் தொட்டார், அது பெருத்தது;
கையை எடுத்துவிட்டார்.
"ரெண்டு வருசமா நான்
என்ர வரம்பிலதான் பிழையெண்டு நினைச்சன்."

பிறகு மட்டக் குழாய்.
ஒரு முனை என்னிடம், மறு முனை
பக்கத்துக் காணித் திரவியநாதனிடம்.
இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் அசையாமல் நிற்க
ஒரு முளை; ஆறு அடி தள்ளி அடுத்தது.
முப்பத்தேழு முளை.
திரும்பிப் பார்த்தால்
பாம்பு படுத்ததுபோல் வளைந்து கிடந்தது சமவுயரம்,
பாலையை மெல்லச் சுற்றிக்கொண்டு.

"இருபத்திரண்டைக் கொஞ்சம் மேல தள்ளு."
"மட்டம் பிழைக்குமே அக்கா."
"உதுக்குக் கீழ பங்கர். நாங்கள் மூடினது.
வரம்பு போட்டா ஒரு மாரியில இருந்துபோகும்."
தள்ளினேன். திரையிலும் தள்ளினேன்.

திட்டம் இது: அணையை மூன்று இடத்தில் வெட்டுவது,
அந்த மண்ணாலேயே முளைகளின் மேல் வரம்பு கட்டுவது,
வரம்பில் வெட்டிவேர், மதகடியில் கல் அடுக்கு.
பெக்கோ ஆறு நாள்.
அதற்கு முன் அணையைச் சோதிக்கக் கேட்டு ஒரு கடிதம்,
மூன்று பிரதி.

ஐப்பசி முடிகிறது. பதில் இல்லை.

நேற்று இரவு தொலைபேசியில் அக்கா,
பின்னால் தகரத்தில் மழை:
"கச்சான் கொடியெல்லாத்தையும் முளை வழிய குவிச்சு
மேல மண் போட்டனான்.
தண்ணி வந்து நிண்டது பிள்ளை. பிறகுதான் உடைச்சது."
"எவ்வளவு நேரம் நிண்டது?"
"ஒரு தேத்தண்ணி ஆத்திற நேரம்."
"எந்த முளையில உடைச்சது?"
"பொறு, லைற்றைக் கொண்டு போய்ப் பாக்கிறன்."

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.