ஏழாம் எண் படம்

ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில்
காற்றுதான் முதல் எதிரி.
நவரினோ தீவில் காற்று இல்லாத நேரம் என்று
விடிவதற்குச் சற்று பிந்தி ஒரு கால் மணி நேரம் உண்டு.
அதுவும் எல்லா நாளும் இல்லை.
எட்டு மணிக்கு நண்டு ஆலையில் சங்கு ஊதிவிடும்,
எனக்கு அங்கே எடை போடும் வேலை.

முழங்காலுக்குக் கீழே பழைய ரப்பர் விரிப்பு.
முழங்கைகளை ஈரமண்ணில் ஊன்றி
மோப்பம் பிடிக்கிற நாய்போலக் குனிந்து கிடப்பேன்.
எதையாவது தொலைத்துவிட்டாயா என்று
முதல் வருடம் கேட்டார்கள்.
இரண்டாம் வருடம்
சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

லெங்கா மரத்தின் பட்டை.
பீவர் கடித்துப்போட்ட அடிமரத்தில் பல்வரிசை.
சென்டோயா நண்டின் ஓட்டில் ஒரு முள்,
அந்த முள்ளின்மேல் முளைத்த குட்டி முள்.
லென்ஸ் ஒரு முடியளவு நகர்ந்தால்
முகடு மங்கிப் பள்ளத்தாக்கு தெளிந்துவிடும்.
மூச்சை முழுக்க வெளியே விட்டு,
அடுத்த மூச்சு வந்து சேர்வதற்குள்
எடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்டில், பனி கொட்டிய வாரம்,
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்
இருபத்திரண்டு படங்கள் மாட்டினேன்.
பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்.
அளவு தெரிய ஒரு நாணயம் வைப்பார்கள் பக்கத்தில்;
நான் வைப்பதில்லை.
நூறு பெசோ வந்து உட்கார்ந்தால்
கண் காசைத்தான் பார்க்கும்.

இறைச்சிக்கடை எடெல்மிரா
மூன்றாம் எண்ணைப் பார்த்ததும் சிரித்தாள்:
"குடல்கறி! சரியாகக் கழுவவில்லை."
அது மரக்கிளையில் காய்க்கும் மஞ்சள் காளான்.
சுங்க அலுவலகத்து ஃபௌஸ்டினோ
பதினொன்றைத் தன் தோள்பட்டைத் தீக்காயம் என்றார்,
சட்டையை விலக்கிக் காட்டவும் செய்தார்.
ஒத்துத்தான் இருந்தது.
ஒரு சிறுமிக்கு இருபத்திரண்டும் நிலா.

நோல்பெர்ட்டோ ஏழாம் எண்ணின் முன்னால் நின்றார்.
நின்றார் என்றால்,
கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
ஜன்னல் இருட்டும் வரை.
முப்பத்தொரு குளிர்காலம் நண்டுப் படகில் போனவர்.
மஞ்சள் கலந்த பச்சைத் திட்டுகள், நடுவே கறுப்பு வரிகள்.
படத்தைத் தொடாமல்
அரை அங்குலம் தள்ளி விரலை ஓட்டினார்.
"இது வழியில்லை, பார்க்கத்தான் அகலம்.
இங்கே பாறை கிடக்கும், நீர் வற்றினால் தெரியும்.
இப்படிச் சுற்றி வந்தால் மேற்குக் காற்றுக்கு மறைவு,
இரண்டு படகு கட்டலாம்.
ஆமாம், எந்த விமானத்திலிருந்து எடுத்தாய்?"

சொல்ல வாயெடுத்தேன்.
அது கல்பாசி.
அகலம், என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் குறைவு.
அந்தக் கல் உங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.
கரையேறி வந்ததும் நாள் தவறாமல்
பூட்ஸ் சேற்றை அதில்தான் தேய்க்கிறீர்கள்.
அதற்குள் அவர் விரல்
கறுப்புக் கால்வாய் ஒன்றில் நுழைந்து
நங்கூரம் போட்டிருந்தது.
"சின்ன விமானம்," என்றேன்.

படம் அவரிடம் போனது.
காசு வேண்டாம் என்றதற்கு ஒரு வாளி நண்டு வந்தது.
சுக்கான் அறையில்,
கடற்படை அச்சிட்ட வரைபடத்துக்குப் பக்கத்தில்
நாலு பித்தளை ஆணியில் தொங்குகிறது.
இரண்டிடத்தில் பென்சிலால்
ஆழம்கூடக் குறித்திருக்கிறார்.
எட்டுப் பாகம். பதினாலு பாகம்.

அக்டோபரில் பனி விலகியதும்
அவர் கடலில் இருந்த நேரம் பார்த்து
அந்தக் கல்லின் முன் மறுபடி மண்டியிட்டேன்.
வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராத உயிர்.
மேற்குக் காற்றுக்கு மறைவாக இருந்த கரை
தேய்ந்துபோயிருந்தது.
பாறை கிடக்கும் என்று அவர் சொன்ன இடத்தில்
காய்ந்த சேறு, ஒரு மீன் செதில்.

கல்லை நகர்த்தி வைத்துவிடலாமா என்று யோசித்தேன்.
கனமாக இருந்தது.
தவிர, வேறு எதில் தேய்ப்பார்?
காற்று எழும்புவதற்குள்
செதிலைப் படம் எடுத்துக்கொண்டேன்.