பதினோராவது நகர்வு

காரைக்குடி, செக்காலை ரோட்டுக் கல்யாண மண்டபம்.
நேற்றைய முகூர்த்தத்தின் தெர்மோகோல் எழுத்துகளில்
மணமகள் பெயர் மட்டும் மேடையில் மிச்சம்.
அதற்குக் கீழே ஒன்பதாம் பலகை.
கணினி சேர்த்துவைத்த ஜோடி:
ஜெய்லானி வெள்ளை. நான் கறுப்பு.

காலையில் ஒரே வண்டியில்தான் வந்தோம்
புதுவயலிலிருந்து,
பெட்ரோல் பாதிப்பாதி.

கை குலுக்கினோம், அறிமுகமில்லாதவர்கள் மாதிரி.
ராஜாவின் சிப்பாயை அவன் இரண்டு கட்டம் தள்ள,
தொண்டையைச் செருமுவதுபோல்
மந்திரியின் சிப்பாயை நான் ஒரே கட்டம்.
காரோ-கான்.
அரிசி ஆலையின் எடைமேடை அறையில்
மூட்டைக் கணக்கு முடிந்த பிறகு
தவிட்டு வாசனையில் ஆறு மாதம்
இருவரும் திறந்து திறந்து பார்த்த கதவு.

மூன்றாம் நகர்விலேயே அவன் விலகியிருக்கலாம்.
சிப்பாய்களை வெட்டிக்கொண்டு
வேறு தெருவில் போயிருக்கலாம்.
போகவில்லை. முன்னே தள்ளினான்.
வாசலை அடைக்கும் முன் என் மந்திரி வெளியே வந்தார்.
அவன் கோட்டை கட்டினான்.
ஒவ்வொன்றும் பத்து விநாடி.
வாய்பாடு ஒப்பிக்கிறார்கள் என்று
பக்கத்துப் பலகைச் சிறுமி நினைத்திருப்பாள்.

பதினொன்று.
கரண்ட் போன ஒரு ராத்திரி
செல்போன் வெளிச்சத்தில் அகப்பட்டது அது:
ராஜா பக்கத்துக் குதிரையின் சிப்பாய்
இரண்டு கட்டம், துணிந்து.
"இதுக்கு வெள்ளைகிட்ட பதிலே இல்லடா" என்றான் அன்று.
இல்லைதான் என்று தலையாட்டினேன்.
வைத்தேன். கடிகாரத்தை அழுத்தினேன்.

நாற்பது நிமிடமாவது யோசிப்பான்,
டீ குடித்துவிட்டு வரலாம்.
என் நாற்காலி நகரும் முன்பே
அவன் குதிரை பின்வாங்கிவிட்டது,
கோட்டைக்குப் போக ராஜா எழுந்த
அதே காலிக் கட்டத்துக்கு.

ஆக, கண்டுபிடித்திருக்கிறான்.
எந்த ராத்திரி?
சொல்லாமல் எத்தனை நாள்
எனக்கெதிரே உட்கார்ந்து வறுகடலை தின்றான்?

கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது காதோரச் சூடுதான்.
மூன்று வாரம் முன்பே அந்தக் குதிரையை
நானும் பார்த்திருந்தேன்.
பார்த்துவிட்டுப் பலகையை மடித்துவைத்தேன்.
மறுநாள் அவனிடம் மழையைப் பற்றிப் பேசினேன்.

பன்னிரண்டு என்னிடம் தயார்.
ஐந்து விநாடியில் வைத்தேன்.

ஜெய்லானி நிமிர்ந்தான்.
ஆட்டம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தான்.
சிரித்தானா, தெரியவில்லை.
பிறகு கன்னத்தில் கைவைத்துக் குனிந்தான்.

இப்போதுதான் ஓடுகிறது அந்த நாற்பது நிமிடம்.
கீழே பந்திக்கூடத்தில்
தக்காளி சாதப் பொட்டலம் தீர்ந்துகொண்டிருக்கும்.
எழுந்திருக்க மனமில்லை.
கால்சட்டைப் பையில்
வண்டிச் சாவி தொடையைக் குத்துகிறது.