புள்ளடி

துலாமரைன் விமான நிலையம். விடிய ஐந்தேகால்.
மரத்தால் செய்த பொருள் ஏதும் உண்டா?
ஆம்.
காட்டிலோ பண்ணையிலோ மிருகங்களுக்குக் கிட்ட நின்றீரா?
நின்றேன்.
ஆம் என்ற கட்டத்தில் இரண்டு தரம் புள்ளடி போட்டதால்
எல்லோரும் வெளியே போக
எனக்கு இடப்பக்கத்து வரிசை.

நீலக் கையுறை. பெயர்ப்பட்டியில் மெரெடித்.
"என்ன மிருகம்?"

பாண்டா எனக்குத் தந்தது முதுகு.
செங்டூவில் ஒன்றரை மணிநேரம் வரிசையில் நின்றோம்.
அது மூங்கிலை முடித்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.
நானூறு பேர் அந்த முதுகைப் படம் எடுத்தோம்.
இதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

குரங்கு வேறு மாதிரி.
ஏமெய் மலைப் படியில்
புத்தருக்கென்று வாங்கிய தோடம்பழங்களைப்
பையோடு பறித்து
மதிலில் குந்தியிருந்து
சுளை சுளையாய்த் தின்றது,
என் கண்ணையே பார்த்தபடி.
மேலே போய் வெறுங்கையால் கும்பிட்டேன்.
சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"கீறியதா? கடித்ததா?"
இல்லை. தோலை மட்டும் என் பக்கம் எறிந்தது.

மரமணி மாலையை விளக்கில் பிடிக்கிறாள்.
நூற்றெட்டில் ஒன்றில்
நூல் போகாத ஒரு துளை.
மேசையில் தட்ட, மா மாதிரித் தூள்.
உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள் என்கிறாள்.
காசு கட்டினால் கதிர்வீச்சு,
இல்லையென்றால் அழிப்பு.
எப்படியும் அந்தப் பூச்சி சாகும்;
உயிர்க் கொலை வேண்டாமென்று உருட்டுகிற மாலை.
பாதி விலைக்குப் பேரம் பேசி வாங்கியது.
அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு, "சப்பாத்தைக் கழற்றுங்கள்."

அங்கே எந்தக் கோயிலிலும் கழற்றச் சொல்லவில்லை.
வாசற்படியை மிதிக்காதே, தாண்டு. அவ்வளவுதான்.
பதினாறு நாள் சப்பாத்தோடு கும்பிட்டுக்
கால் கூசிக் கூசிக்
கடைசியில் குவான்சோ.
பெரிய விகாரையின் பின்பக்கம், கல்தூண் ஒன்றில்
யானையின் காலை முதலை பிடித்திருந்தது.
எழுநூறு வருஷமாய் இன்னும் விடவில்லை.
கடல் தாண்டி வந்த நம்மாட்கள் யாரோ சொல்லி
அங்கத்தைய உளி செதுக்கியிருக்கும்;
யானைக்குக் கொஞ்சம் சீனச் சாடை.
யாரும் சொல்லாமலே கழற்றினேன்.
மழை பெய்த கல். மேசு நனைந்தது.
காவலாளி ஓடிவந்து
சப்பாத்து தொலைந்துபோனதோ என்று
கைச்சாடையில் கேட்டார்.

இங்கே, அதே மேசோடு நிற்கிறேன்.
மெரெடித் சப்பாத்தைக் கவிழ்த்து
அடி வரிகளுக்குள் தூரிகை விட்டு
மலையைக் கிளறி எடுக்கிறாள்,
மூங்கில் காட்டுச் சேற்றை,
விகாரை முற்றத்துப் பாசியை.
கழுவுகிறாள். கடதாசியால் ஒற்றுகிறாள்.
என் சப்பாத்தை ஒருவரும் இதுவரை
இரண்டு கையாலும் ஏந்தித் தந்ததில்லை.
நன்றி என்பதற்குள்
"அடுத்தவர்" என்றுவிட்டாள்.

தொலைபேசி மூன்றாம் தரம் அடிக்கிறது.
கார்த் தரிப்பிடத்தில் மதியாபரணம் அண்ணை:
"நிமிஷத்துக்குக் காசு ஓடுது, தெரியுமோ?"

ஈரச் சப்பாத்தோடு நடக்கிறேன்.
கண்ணாடிக் கதவு திறக்கிறது.
அதன் அடியில் ஓர் அலுமினியப் பட்டி.
கால் தானாக உயர்ந்து
மிதிக்காமல் தாண்டியது.