தவணை

எமரித் போன போட்ட அங்கிட்டு நேவி பிடிச்ச சேதி வந்தப்ப
பாம்பன் தெற்குவாடியில காரல் கூடைக்கு ஏலம் கேட்டுக்கிட்டு நின்னேன்.
"முந்நூத்தி இருபது, முப்பது..."
அதே வாயில "ஐயோ"ன்னு வந்துச்சு.
ரெண்டுக்கும் நடுவுல மூச்சுகூட எடுக்கல.

மறுநா டிவிக்காரத் தம்பி மைக்க நீட்டுச்சு.
கடக்கரை பூராக் கேக்குற மாதிரி அழுது சொன்னேன்.
"அக்கா, ஐஸ் வண்டி சத்தம் விழுந்திருச்சு,
இன்னொரு தடவ அப்படியே சொல்லுங்க."
அப்படியே வரல.
ரெண்டாவது தடவ சொன்னதுல
'வாழ்வாதாரம்'னு ஒரு சொல்லு இருந்துச்சாம்.
நாத்தனா பாத்துட்டுக் கேட்டா:
"இத எங்கிட்டிருந்துடி பிடிச்ச?"

திங்கக்கெழம ராமநாதபுரம் பஸ்ஸு.
பாலம் முடியிறவரைக்கும்
பக்கத்து சீட்டு சம்சாத்துகிட்ட வஞ்சுக்கிட்டே வந்தேன்,
போட் ஓனர, டீசல் வெலைய, இவரு பிடிவாதத்த.
மண்டபம் தாண்டுனதும் வாய மூடிக்கிட்டு
உள்ளுக்குள்ள ஒத்திகை பாத்தேன்:
மேற்படி எனது கணவர்
மேற்படி எனது கணவர்.
பதினாலு வருசத்துல அவர நான் கணவர்னதே இல்ல.
"இந்தாருங்க", இல்லாட்டி "ஜோவிட்டா அப்பா".
கோவம் முத்துனா "யோவ்".

மேற்படின்னா மேல சொன்ன ஆளுன்னாரு
மனு எழுதிக் குடுத்தவரு.
அவரு தண்ணிக்கு அங்கிட்டு
ஒரு கம்பிக்குள்ளல்ல இருக்காருன்னு
சொல்லத் தோணுச்சு. சொல்லல.
அந்த மாடிப்படியில பேச வேற தமிழ் வேணும்.
மனப்பாடம் பண்ணுன வேகத்துல
ஆபீசர "ஐயா சமூகம்"னே கூப்பிட்டுட்டேன்.
பின்னால ஒருத்தி சிரிச்சா.
யாருன்னு திரும்பிப் பாக்கல.

அப்பறம் ஒரு ராத்திரி யாழ்ப்பாணத்து வக்கீலம்மா
வாட்ஸ்அப்ல பேசுனாங்க.
"பயப்பிடாதையுங்கோ. அவர் விளக்கமறியலில இருக்கிறார்.
பதினாலாந் திகதி தவணை."
எனக்கு வயிறு கலங்கிருச்சு.
தவணைன்னா இங்க செவ்வாக்கெழம,
குழுக்காரி நோட்டோட வர்ற நாளு.
அங்கயும் போயிக் கடன் வாங்கிட்டாரா மனுசன்?
"எவ்வளவும்மா கட்டணும்?"
அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.
"காசில்லை அம்மா. வழக்கு எடுக்கிற நாள்."
விட்டிருக்கலாம். நான் இன்னொண்ணையும் கேட்டேன்:
விளக்கமறியல்ல விளக்கு இருக்குமா?
"ஓம்"னாங்க, பைய. "இருக்கும்."

போகப் போக நானும் அவங்க மாதிரியே கதைச்சேன்.
அப்படிப் பேசுனா வெரசா விட்டுருவாங்கன்னு
ஒரு கிறுக்கு நெனப்பு.
அது குழுக்காரிகிட்ட வாய் தவறி
"எந்தத் திகதிக்கு?"ன்னு வந்திருச்சு.
"என்னக்கா, மண்டபம் கேம்ப்புல சேந்துட்டியா?"ன்னா.
நான் திருப்பிச் சொன்னது
எந்த மனுவுலயும் எழுத முடியாத தமிழு.

மூணாவது தவணையில ஆள விட்டாங்க. போட்ட விடல.
வாசல்ல தாடியோட நின்னாரு.
சேத்து வச்ச பேச்சு எதுவுமே வரல.
"சோறு திங்கிறீங்களா?"
"ஓம்."
ஜோவிட்டா சிரிச்சு உருண்டா. அவரும் சிரிச்சாரு.
ரசம் ஊத்துன கரண்டி
எனக்கு மட்டும் தட்டுல தட்டிக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி
தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, முதுக நிமித்தி
"எக்க... தெக்க... துன"ன்னாரு.
பயந்து உலுக்கிட்டேன்.
மறுநா ராத்திரியும் அதே.
பகல்ல வலையப் பிரிச்சுக்கிட்டே சொன்னாரு,
விடிய முந்தி வரிசையில உக்கார வச்சு
தலை எண்ணுவாங்களாம்.
அவங்கவங்க நம்பர அவங்கவங்களே,
அந்த ஊரு பாஷையில.
இவரு மூணாவதாம்.

மூணாம் ராத்திரி நான் முழிச்சே கெடந்தேன்.
துனன்னு சொல்லிட்டு
கண்ணத் தொறக்காம
அடுத்த குரலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு.
சுவத்துல பல்லி.
அங்கிட்டு ஐஸ் கம்பெனி மோட்டாரு.

"நாலு"ன்னேன்.

படுத்துட்டாரு.