வட்டத்தின் மேல் ஒரு கோடு

கப்பலின் பின்புறம்
அதன் பெயருக்குக் கீழே
அதன் ஊரை எழுதுகிறவன் நான்.
மொன்ரோவியா, பனாமா, மஜூரோ.
பதினோரு வருடம்
எத்தனையோ ஊரை எழுதியாயிற்று,
ஜோகூர் பாலம்கூடத் தாண்டியதில்லை.

இந்த முறை துவாஸ் மூன்றாம் துறையில்
உயிர்மீன் சுமக்கும் கப்பல்,
வயிற்றுக்குள் மூன்று தொட்டி.
ஸ்கார்வொய் என்று எழுதச் சொன்னார்கள்.
ரோமன் எழுத்தில் ஏழு.
மொஃபிசுல் பற்றவைத்த இரும்பு விளிம்புக்குள்
வெள்ளை நிரப்பினால் முடிந்தது.

நிரப்பினேன்.
கப்பல்காரர்களின் கண்காணிப்பாளர் வந்தார்,
டோர்லைஃப்,
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
அண்ணாந்து பார்த்துவிட்டு
இல்லை என்று தலையாட்டினார்.
ஆறாவது எழுத்து வெறும் வட்டம்.
அதைக் குறுக்கே வெட்டும் சாய்கோடு எங்கே?
கடைசி இரண்டெழுத்துதான் தீவாம்,
அதற்கு முன்னால் இருப்பது நீர்க்காகம்.
கோடு இல்லாவிட்டால்
காகம் உட்கார இடமில்லை.

எங்கள் மொழியில்
தலைமேல் புள்ளி வைத்தால் உயிர் போகும்.
இவர்களுக்குக் கோடு விட்டால்
ஊரே போகிறது.

சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற நேரம்
பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சொன்னார்,
இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.
பாறை. அதன்மேல் கையளவு மண்.
மார்கழியில் சூரியனுக்கு
நான்கு மணி நேர ஷிஃப்ட்.
ஹெர்ரிங் மீன் வந்த வருடங்களில்
படகிலிருந்து படகு தாண்டியே
துறையைக் கடப்பார்களாம்.
உப்பு, பீப்பாய், பணம்.
பணத்தில் ஒரு தேவாலயம், ஒரு வங்கி.
பிறகு ஒரு தையில் மீன் வரவில்லை.
அடுத்த தையிலும்.
வங்கியை மூடினார்கள்,
பீப்பாய் செய்தவர்கள் கப்பலேறினார்கள்.
இப்போது கூண்டுக்குள் சால்மன்.
"மீன் விமானத்தில் போகிறது,
நாங்கள்தான் இன்னும் படகில்" என்றார்.

நான் என் காலடியைக் காட்டினேன்.
இதுவும் மண்ணில்லை சார், கொட்டிய மணல்.
நாம் சாப்பிடுகிற இடத்தில்
ஆறு பாகம் தண்ணீர் நின்றிருக்கிறது.
துவாஸ் என்பதே மீன்பிடிக்கிற வார்த்தை,
கிரேன் ஓட்டும் ஜுனைதி சொன்னது.
தழை மிதக்கவிட்டு
கடல்மேல் நிழல் போடுவார்களாம்,
நிழலுக்கு ஒதுங்கும் மீனை அள்ளுவார்களாம்.
இப்போது நிழல் போடுவது கிரேன்.
ஒதுங்குவது நாங்கள்.

உங்கள் ஊரில் எத்தனை பேர்?
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
சிரித்துவிட்டேன்.
எங்கள் விடுதியில்
ஐயாயிரம் கட்டில்.

அவர் சிரிக்கவில்லை.
ஊருக்குப் பதினேழு பேர் மன்றம் உண்டு,
அதில் இவரும் ஒருவர்.
இன்னொரு கூண்டுக்குக் கடலைத் தரலாமா என்று
போன மாதம் கை தூக்கினார்களாம்.
ஒன்பதுக்கு எட்டு.
"நீங்கள் எதில்?"
"எட்டில்."
எட்டில் இருந்தவர்தான்
கூண்டுக்கான கப்பலைப் பார்க்க வந்திருக்கிறார்.
கோழிக்குழம்பை விரலால் தொட்டு
நாக்கில் வைத்து
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

விடுதியில் நாங்கள் கை தூக்குவது
வாசல் இயந்திரத்துக்கு விரல் காட்ட மட்டும்.
ஆனால் நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறாத இரவுகளில்
எங்களுக்கும் ஒரு மன்றம் கூடும்,
வாளிகளோடு, நான்கு மொழியில்,
வசவு மட்டும் பொதுவாக.

சாரத்தில் மறுபடி ஏறினேன்.
கோட்டுக்கும் விளிம்பு பற்றவைக்கலாம் என்றான் மொஃபிசுல்.
நேரமில்லை என்றார் மேஸ்திரி லிம்,
மறுநாள் தண்ணீரில் இறக்குகிறார்கள்.
டேப் ஒட்டி
மூச்சைப் பிடித்து
ஒரே இழுப்பு.

கப்பல் போனது ஒரு வியாழன்.
நான் வேறொன்றின் பின்னால்
மஜூரோ எழுதிக்கொண்டிருந்தேன்.

மற்ற எழுத்துக்கெல்லாம் இரும்பு உண்டு,
அந்தக் கோட்டுக்குப் பெயின்ட் மட்டும்தான்.
இரண்டு வருடம் நிற்கும்.
பிறகு உப்பு தின்றுவிடும்.
அப்போது ஸ்கார்வொயில் யாராவது
ஏணி போட்டு ஏறவேண்டியிருக்கும்.